அளவுக்கு ஒரு ஆள்

மஞ்சள் பெயிண்ட் புள்ளியின் மேல் இந்த மாதமும் எவனோ ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான். நரசிம்மலு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, செருப்புக் காலால் ஜல்லியைத் தள்ளித் தள்ளித் தேடுகிறார். புள்ளி கண்ணில் பட்டதும் கேமரா ஸ்டாண்டின் ஒரு காலை அதன் மேல் ஊன்றுகிறார். மற்ற இரண்டு கால்களையும் விரித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்கிறார். "போன மாசம் மணலு, இந்த மாசம் ஜல்லிங்க. அடுத்த மாசம் என்ற மேலயே கொட்டிப்போடுவாங்களாட்ட இருக்குது" என்கிறார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. பக்கத்தில் நான் ஒருவன்தான் நிற்கிறேன்.

சிங்காநல்லூரைத் தாண்டி ரயில் பாதைக்கு மேலே ஓர் இரும்புப் பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி, அதே ஐந்து இடங்களில், அதே உயரத்தில் கேமராவை வைத்து, பாலம் எவ்வளவு வளர்ந்தது என்று படம் எடுத்துக் கொடுப்பது இவர் வேலை. இது இருபதாவது மாதம். தலைக்கு மேலே, பாலம் கட்டும் கம்பெனியின் ட்ரோன் கொசுவைப் போல ரீங்கரித்துக்கொண்டு இவர் ஒரு நாளில் எடுப்பதை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் 'ஆல்பம், மூன்று பிரதி' என்று பழைய பழக்கத்தில் யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

கல்யாணத்துக்கு இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அதில் இவருக்கு வருத்தம் இருந்தாலும் காட்டிக்கொள்வதில்லை. "பொண்ணு மாப்பிள்ளையத் தரையில படுத்துட்டு எடுக்கோணுமாமுங்க இப்பெல்லாம். படுத்துக்கலாம். எந்திரிக்கறது ஆருங்க?"

வயது அறுபத்தொன்று. ஒடிசலான உடம்பு. முழுக்கைச் சட்டையின் பையில் ஒரு பெயிண்ட் பிரஷ், மனைவி பங்காரம்மாவின் பழைய நூல் புடவையில் கிழித்த ஒரு துண்டு. இரண்டும் லென்ஸைத் துடைக்க. படம் எடுக்கிற நாளில் காலையில் சாப்பிட மாட்டார். ஒன்றரை டம்ளர் டீ மட்டும். ஏன் ஒன்றரை என்று கேட்டால், "ரெண்டு குடிச்சா கை ஆடுது, ஒண்ணு குடிச்சா காலு ஆடுதுங்க" என்பார். வீட்டில் தெலுங்கு, தெருவில் கொங்குத் தமிழ், கம்ப்யூட்டரிடம் மட்டும் ஆங்கிலம். "நோ, நோ, ப்ளீஸ்" என்று அதனிடம் அவர் மன்றாடுவதைக் கேட்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில் இவருடைய ஸ்டுடியோ. எனக்குப் பக்கத்துத் தெரு. பத்திரிகைக்கு எதையாவது எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த ஸ்டுடியோவின் உள்ளறையில் ஒரு காரியம் இருந்தது. அங்கே மூன்று பழைய படங்கள் தொங்குகின்றன. இந்தக் கடையை இவருக்கு விற்றுவிட்டுப் போனவர், வேண்டாம் என்று விட்டுப்போனவை. நூறு, நூற்றிருபது வருடமாவது இருக்கும். டீக்கறை நிறத்தில், ஏதோ ஓர் ஆற்றின் குறுக்கே ரயில் பாலம் கட்டிய படங்கள். எந்த ஆறு, யார் எடுத்தது, ஒன்றும் தெரியாது. முதல் படத்தில் வறண்ட ஆற்றில் தூண்கள். இரண்டாவதில் இரும்புச் சட்டங்களின் மேல் தொப்பி வைத்த ஒரு துரை, கீழே கோவணம் கட்டிய ஓர் ஆள். மூன்றாவதுதான் விசேஷம். இரண்டு கரையிலிருந்தும் இரும்புக் கைகள் நீண்டு, தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்கின்றன. ஒரு கையின் நுனியில், அந்தரத்தில், ஒரு மனிதன்.

நான் அந்தப் படத்தைப் பார்த்த அன்றே ஒரு கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். 'அந்தக் காலத்துக் கேமராக்காரர்களுக்கு இரும்புப் பாலம்தான் கோபுரம். பிரிந்த கரைகள் கை நீட்டிக்கொள்ளும் அந்தக் கணத்தில் ஒரு யுகமே தன்னைப் பார்த்து வியந்துகொள்கிறது' என்றெல்லாம் எழுதியதாக ஞாபகம். பெருமையோடு நரசிம்மலுவிடம் படித்தும் காட்டினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கொட்டாவி விட்டார்.

"அதெல்லாம் நீங்க எழுதிக்கோங்க. அந்த ஆளு எதுக்கு நிக்கறானுங்க? அளவுக்கு. ஆளு இல்லைன்னா இரும்பு எத்தன ஒசரம்னு ஆருக்குத் தெரியும்? தீக்குச்சில ஒட்டுனதுன்னு நெனச்சுப்போடுவாங்க. இரும்புக்குப் பேரு, ஆளுக்கு அளவு. அவ்வளவுதானுங்க."

பிறகு முதல் படத்தில் தூண்களைச் சுற்றி மூட்டமாகத் தெரிந்ததைக் காட்டினார். நான் அதைக் கறை என்று நினைத்திருந்தேன். "கறை இல்லீங்க, ஆளுக. அப்பல்லாம் கேமராப் பொட்டியத் தொறந்து வெச்சு நாலு மூச்சு உடற நேரம் காத்திருக்கோணும். வேலை செய்யறவன் நகுந்துட்டே இருப்பான்; பொகையாப் போயிருவான். சும்மா நில்லுன்னு நிக்க வெச்சவன் மட்டும் தெளிவா உளுவான். பாலம் கட்டுனவனெல்லாம் பொகைங்க. நின்னவன்தான் ஆளு."

மூன்றாவது படத்தில் வானம் மொழுக்கென்று இருப்பதற்கும் காரணம் சொன்னார். கீழே முட்டுக்கொடுத்த மூங்கில் சாரமெல்லாம் கண்ணாடி நெகடிவிலேயே மை வைத்து மறைக்கப்பட்டிருக்கிறதாம். இவரும் இளவயதில் நெகடிவில் பென்சில் வைத்து மரு, தழும்பு எடுக்கப் பழகியவர்தான். "படம் பொய் சொல்லாதுங்கறது, படம் எடுக்காதவங்க சொல்றதுங்க."

இதையெல்லாம் இப்படி அலுப்போடு சொல்கிற மனிதருக்கு உள்ளே ஓர் ஆசை இருந்தது. அந்த மூன்றாவது படத்தைத் தானும் ஒருமுறை எடுத்துவிட வேண்டும். ஸ்டுடியோவுக்கு வந்த நாள் முதலாக, முப்பத்தாறு வருடமாக, அந்த ஆளைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பாலத்தைப் படம் எடுக்கிற வேலை கிடைத்ததும் காத்திருக்கத் தொடங்கினார். மாதாமாதம் ஆல்பத்தில் ஒரு படத்திலாவது ஓர் ஆளை நிறுத்துவார். ஆள் தெரியக் கூடாது, இரும்பு மட்டும் போதும் என்று கம்பெனியில் சொல்லிப் பார்த்தார்கள். தலையாட்டிவிட்டு மறுபடி நிறுத்தினார்.

பதினேழாவது மாதம் அந்த நாள் வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம். இரவெல்லாம் மழை பெய்து, காலையில் வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. ரயில் பாதைக்கு மேலே இரண்டு பக்கத்து இரும்புக் கர்டர்களும் நீண்டு, நடுவில் ஓர் ஆள் நீளம் மட்டும் இடைவெளி. மறுநாள் இணைத்துவிடுவார்கள். மேலே போல்ட் முறுக்கிக்கொண்டிருந்த காஜா மொய்தீனை நரசிம்மலு கைகாட்டி நுனிக்கு வரச் சொன்னார். கரும்புக்கடை என்ற ஏரியாக்காரர், நாற்பது வயதிருக்கும். வாட்டசாட்டமான உடம்பு. ஹெல்மெட்டில் நாற்பத்தொன்று என்ற எண். காஜா வந்து நின்றார். இடுப்புப் பெல்ட்டிலிருந்து கொக்கிக் கயிறு பின்னால் போய், அங்கே கட்டியிருந்த கம்பி வடத்தில் மாட்டியிருந்தது. அந்தக் கயிறு முதுகுக்கும் வானத்துக்கும் குறுக்கே கோடு கிழித்தது.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். நரசிம்மலு கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு கையைக் குவித்துக் கத்தினார்: "கண்ணு, அந்தக் கயித்தச் சித்தக் கழட்டிக்க. ஒரே நிமிசம்!"

காஜா கழற்றினார். கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த இரும்பைப் பார்த்தபடி நின்றார். மூன்று படம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதுதான் நரசிம்மலு வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே நல்ல படம். பார்த்ததும் நான் கைதட்டினேன். என் கட்டுரைக்குக் கடைசிப் பத்தி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் எனக்கு. கயிறு என் மூளையில் ஏறவே இல்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது. கம்பெனிக்காரர்களுக்கும் பிடித்துப்போய், பெரிதாகச் சட்டம் போட்டு சைட் ஆபீஸ் வாசலில் மாட்டினார்கள்.

மார்கழியில், வேறொரு தூணில், நின்றிருந்த பலகை சரிந்து காஜா கீழே விழுந்தார். இடுப்பும் முதுகெலும்பும் போயின. உயிர் தங்கியது. இன்றைக்கும் கரும்புக்கடை வீட்டில் மல்லாந்து படுத்திருக்கிறார். மறுநாளே ஆபீஸ் வாசலில் படம் இறங்கிவிட்டது. அந்த ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது. அப்படி ஓர் ஆள் எங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்றது கம்பெனி. ஆள் பிடித்துவிட்ட துணை கான்ட்ராக்டரோ, அவர் வேலையை விட்டுப் பத்து நாளாயிற்று, கூட்டாளிகளைப் பார்க்க வந்த இடத்தில் விழுந்துவிட்டார் என்றார். ஒன்றரை வருடம் அந்த இரும்பை முறுக்கிய மனிதர் ஒரு காகிதத்திலும் இல்லை.

காஜாவின் மனைவி சாஜிதா பேகம் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டார். உங்கள் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு ஏதாவது காட்டுங்கள் என்றார்கள். ஆபீஸ் வாசலில் தன் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது என்று காஜா ஒருநாள் வீட்டில் சொல்லிச் சிரித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. படம் எடுத்தவர் யார் என்று விசாரித்து, இந்த மாதப் படம் எடுத்து முடித்த சில நாளில் நரசிம்மலுவுக்கு போன் செய்து, வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

இவர் சரி என்றுவிட்டார். புதன்கிழமை சைட் இன்ஜினீயர் வம்சியின் போன் வந்தது. முப்பது வயதுப் பையன். தெலுங்கு பேசுவதால் நரசிம்மலுவைப் பாபாய், அதாவது சித்தப்பா, என்று உரிமையோடு கூப்பிடுவான். ஆல்பம் வேலையை இவருக்கு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அவன் மிரட்டவில்லை, அதுதான் இவரை அதிகம் வாட்டியது. அவன் சொன்னதை நரசிம்மலு அன்றைக்கே எனக்குத் தமிழில் சொன்னார்.

"பாபாய், அந்தப் படத்துல கொக்கி இல்லை, பாத்தீங்களாங்கறான். அதைக் கொண்டுபோய்க் குடுத்தா, இந்த ஆளு எப்பவுமே கயிறு மாட்டாம நிக்கறவன், அவன் கெடுத்துக்கிட்டதுன்னு மேல இருக்கறவங்க சொல்லுவாங்களாமா. அந்தக் குடும்பத்துக்கே வெனைங்கறான். அப்பறம் ஆல்பமும் நின்னு போயிருமுன்னான்." மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தப்பாச் சொல்லலைங்க அவன். படத்துல கொக்கி இல்லைதானுங்களே."

அன்று மாலை நான் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் காஜா நின்றார். இடுப்பிலிருந்து ஒரு கயிறு பின்னால் போய்க் கம்பி வடத்தில் மாட்டியிருந்தது. பதினாறாவது மாதப் படத்தில் நின்ற வேறோர் ஆளின் கயிற்றை வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார். நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. எந்த அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கயிறில்லாத படம் ஆல்பத்தில் மூன்று பிரதி போயாகிவிட்டது. அதை நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார்.

"தெரியுமுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சாப் போதும், அந்தம்மாளும் பொய்யுன்னு ஆயிரும். சும்மா மாட்டிப் பாத்தேன்."

பங்காரம்மா டீ கொண்டுவந்து வைத்தார். அன்று மத்தியானம் வரை அவர் கட்சி வேறு: படம் அழிந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள், இந்த வயதில் வம்பு வேண்டாம், ஆல்பம் போனால் என்ன செய்வோம் என்று அழுதவர். இப்போது திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்பதுபோல் தமிழில் சொன்னார்.

"படத்துல கொக்கிய மாட்டிப்போட்டீங்க. படுத்திருக்கறவரு இடுப்புல ஆருங்க மாட்டறது?"

டீ ஆடை படிந்து ஆறிப்போயிற்று. நரசிம்மலு மவுஸை நகர்த்தி, ஒட்டிய கயிற்றை அழித்தார். அழிப்பதற்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சாஜிதா பேகம் வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. கையில் பிளாஸ்டிக் பை நிறைய ஆஸ்பத்திரிக் காகிதம். பங்காரம்மா தண்ணீர் கொடுத்தார். பிரிண்ட் தயாராக இருந்தது. நல்ல பெரிய அளவு. நாற்பத்தொன்று என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. சாஜிதா அதை இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா நின்னிருக்காருங்கண்ணா" என்றார். பிறகு, "ஏனுங்க, கயித்தக் காணோம்? கயிறில்லாம நிக்கவே மாட்டேன், மேல போனதும் மொத வேலை அதுதான்னு சொல்லுவாரே. எங்களையெல்லாம் ஏய்ச்சிருக்காராட்ட" என்றார். கணவர் மேலே வந்த கோபம் அது.

நரசிம்மலு மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேசினார்.

"அவரு ஏய்க்கலைங்கம்மா. மாட்டித்தான் இருந்தாரு. நாந்தான் கழட்டச் சொன்னேன். படத்துல குறுக்க வருதுன்னு. ஒரு நிமிசம்னேன். பெரியவரு சொல்றாருன்னு கழட்டுனாரு. இந்தா, இவருங்கூட இருந்தாரு."

சாஜிதா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"அந்தக் கயிறு படத்துல இருந்தா என்னங்கண்ணா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காதுங்கம்மா."

அதற்கு மேல் நரசிம்மலுவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பரவாயில்லை என்று சாஜிதா சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையில் இருந்த காகிதங்களை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். அடுக்கிக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

"இப்ப எங்கிட்டச் சொன்னீங்க. நானு போயிச் சொன்னா ஆரு நம்புவாங்க? நீங்க வந்து சொல்லோணும். எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலும் போட்டோவும் ஒட்டிக் குடுக்கோணும்னு வக்கீலம்மா சொல்றாங்க. கம்பெனிக்காரங்க முன்னாடி கூப்புடுவாங்களாமா. வருவீங்களா?"

நரசிம்மலு எழுந்து உள்ளே போய்விட்டார். பங்காரம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மனிதர் பின்வாசல் வழியாக நழுவிவிட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அவர் கஷ்டம் தெரிந்த எனக்கே அப்படித் தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். மூலையில் சுருட்டியிருந்த வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கேமராவை என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் வெச்சுட்டேனுங்க. நீங்க அமுக்குனாப் போதும்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் அவருக்கு நான் நிற்பதுகூடச் சரியாகத் தெரியாது. கேமரா இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்து முகத்தைத் தூக்கினார்.

"மூஞ்சி தெரியறாப்பல எடுங்க" என்றார்.